கனடா மருத்துவர்கள் அரசு ஊழியர்களா?

இணையத்தில் ஒருவர் எழுதியிருப்பதும், அதைப் பலர் பகிர்ந்திருப்பதும் இதுதான்: கனடாவில் மருத்துவர்கள் எல்லாரும் அரசுச் சம்பளக்காரர்கள், எல்லாருக்கும் ஒரே அரசுக் காப்பீடு வந்தால் அமெரிக்காவிலும் அதே நிலைதான்.

அப்படி இல்லைங்க. கனடாவில் பெரும்பாலான மருத்துவர்கள் சொந்தமாகத் தொழில் நடத்துபவர்கள். வாடகை, உதவியாளர் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. நோயாளியைப் பார்த்துவிட்டு மாகாண அரசின் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பில் அனுப்புகிறார்கள். அரசு பணம் கொடுக்கிறது, அவ்வளவுதான். 1962இல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இந்தத் திட்டம் தொடங்கியபோது மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தனித்தொழிலாகவே தொடரலாம் என்ற உடன்பாட்டில்தான் அது முடிந்தது. பிரிட்டன் மருத்துவமனைகளைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தால் ஓரளவு சரி. இரண்டும் குழம்பிவிட்டது போலிருக்கிறது.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் அந்நாட்டு நீதித்துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 8ஆவது பிரிவு, காப்பீட்டுத் திட்டத்தைத்தான் பொது அமைப்பு இலாப நோக்கின்றி நடத்த வேண்டும் என்கிறது. மருத்துவர்களை வேலைக்கு எடுக்கச் சொல்லவில்லை. அப்புறம், ஒன்டாரியோ மாகாண அரசின் தளத்தில் மருத்துவக் கட்டண அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீடு, பக்கத்தில் ஒரு தொகை. எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள் என்றால் அந்த அட்டவணை எதற்கு?

கனடாவில் சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டிய நேரம் பற்றி நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அது வேறு விஷயம்.