கீழ்ப்படிதலும் கேள்வி கேட்டலும்

ஆள்வோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் (வேதாகமத்திலுள்ள கடிதத்தின்) 13ஆம் அதிகாரத்தைக் காட்டி, ஆட்சிப் பொறுப்பில் இருப்போரைக் கேள்வி கேட்பது கிறிஸ்தவருக்கு ஆகாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. வரி செலுத்த வேண்டும், சட்டத்தை மதிக்க வேண்டும், ஆள்வோருக்காக மன்றாட வேண்டும் என்பவற்றில் மறுப்பில்லை. ஆனால் அந்த நிருபத்தை எழுதிய அதே அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி பட்டணத்தில் என்ன செய்தார்? விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்ட அதிகாரிகள், விடிந்ததும் அவரையும் உடன் ஊழியர் சீலாவையும் சத்தமின்றி விடுவிக்க ஆளனுப்பியபோது, ரோமக் குடிமக்களாகிய தங்களை வெளியரங்கமாக அடித்தவர்கள் நேரில் வந்து வெளியே அழைத்துச் செல்லட்டும் என்று சொல்லிவிட்டார். அவர்களும் பயந்துபோய் வந்து, தயவாகப் பேசி அழைத்துச் சென்றார்கள் (அப்போஸ்தலர் 16). பின்னர் செசரியாவில் ரோமப் பேரரசராகிய இராயனுக்கே மேன்முறையீடு செய்தார். இதை எந்தப் போதகரும் கலகம் என்று பிரசங்கித்து நான் கேட்டதில்லை.

திருகோணமலையில் நாங்கள் ஞாயிறு ஆராதனையில் நாட்டுத் தலைவர்களுக்காக மன்றாடுகிறோம். மறுநாள் காணி அலுவலாகவோ பிறப்புச் சான்றிதழுக்காகவோ வரிசையில் நிற்கிறோம். கோப்பு நகர்வதற்கு எங்கேனும் கையூட்டுக் கேட்கப்பட்டால், கொடுக்க மறுத்து எழுத்தில் முறையிடுவதும், இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தாமதத்துக்கான காரணத்தைக் கேட்பதும் அந்த மன்றாட்டுக்கு முரணானவை அல்ல. கேட்டதைக் கொடுத்துவிட்டு, அதிகாரத்துக்குக் கீழ்ப்படிந்தோம் என்று சொல்லிக்கொள்பவர்களைப் பற்றித்தான் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும்.