கும்ரான் துண்டு: ஊகம் எங்கே நிற்கிறது?

சாக்கடல் ஓரத்துக் கும்ரானின் 7ஆம் குகையில் கிடைத்த 7கியூ5 என்ற கிரேக்கப் பாப்பிரஸ் துண்டு, பைபிளின் மாற்கு நற்செய்திதான் என்பது "நிரூபணமான உண்மை" என இந்தத் துண்டைப் பற்றிய கட்டுரை சொல்வது தவறு. அது 1972இல் ஓகல்லகன் என்ற பாப்பிரஸ் ஆய்வாளர் முன்வைத்த ஊகம். துண்டில் இருப்பதே ஐந்து வரிகளில் சுமார் 20 எழுத்துகள், பாதி தெளிவில்லை. முழுசாகப் படிக்க முடிகிற ஒரே சொல் 'காய்' என்ற கிரேக்கச் சொல், அதாவது 'மற்றும்'. எந்தக் கிரேக்க நூலிலும் பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல் அது!

மாற்கு 6:52-53உடன் பொருத்த, 'கடந்து' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்தான டெல்டாவை (d) டௌ (t) என்று மாற்ற வேண்டும். 'கரைக்கு' எனப் பொருள்படும் மூன்று சொற்களையும் விட்டுவிட வேண்டும். 'கென்னேசரேத்' என்ற இடப்பெயராக ஓகல்லகன் நிரப்பிய 'ன்னேஸ்' எழுத்துகள், வம்ச வரலாறுகளில் வரும் 'எகென்னேசென்' (பெற்றான்) என்ற சொல்லுக்கும் அப்படியே பொருந்தும். இத்தனை சலுகை கொடுத்தால் வேறு நூல்களும் பொருந்திவிடும். தயவுசெய்து 'சாத்தியம்' என்றே எழுதுங்கள்.