மைக்கை நீட்டிவிட்டால் கேட்டதாகிவிடுமா?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வெளிநாட்டு அமைப்பு ஒன்று நம் ஆடை ஆலைப் பெண் ஒருவரை அழைத்து நடத்திய இணையவழிக் கூட்டத்தின் ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே "அருமையான முன்னெடுப்பு", "தங்கச்சி கலக்கிட்டாங்க" என்று வந்து விழும் பின்னூட்டங்களைப் பார்த்தபின் முடியவில்லை.

கூட்டத்துக்கு உலகத் தோழமை, இளம்பெண் தலைமை என்று தலைப்பு. ஒன்றரை மணி நேரம். கார்மென்ட்ஸில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் ஐந்து நிமிடம். அதிலும் வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி மொழிபெயர்த்ததில் பாதி போய்விட்டது. ஒரு துணிக்கு இவ்வளவு கூலி என்னும் பீஸ் ரேட்டைப் பற்றியும் பிராண்டுகள் ஆர்டருக்குக் கொடுக்கும் விலையைப் பற்றியும் அவர் தொடங்கியபோது, "உங்கள் கதை எங்களை நெகிழ வைத்தது" என்று சொல்லி முடித்து வைத்தார்கள். கதையாம். அவர் வைத்தது கோரிக்கை, அய்யா.

கேட்பது என்றால், கேட்ட பிறகு உங்கள் திட்டத்தில் ஏதாவது ஒன்று மாற வேண்டும். மாறவில்லை என்றால் நீங்கள் கேட்கவில்லை. பேச விட்டீர்கள், அவ்வளவுதான்.

அதே கூட்டத்தில், ஆலைப் பெண்கள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்கப் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெருமையாகக் காட்டினார்கள். அது எப்படி வந்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. 2021 ஜனவரியில், அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அதன் பிறகு நின்று போராடியது தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், தலித் பெண்கள் பெரும்பான்மையாக இருந்து நடத்தும் சங்கம். ஆசிய நாடுகளின் தொழிற்சங்கங்கள் சேர்ந்த ஆசியத் தள ஊதியக் கூட்டணியும், அமெரிக்காவின் தொழிலாளர் உரிமை அமைப்பான குளோபல் லேபர் ஜஸ்டிஸும் கூட நின்றன. 2022 ஏப்ரலில் எச் அண்ட் எம் என்ற ஆடை பிராண்ட் கையெழுத்திட்டது, பிறகு கேப், பிவிஎச் என்ற ஆடை நிறுவனங்களும் வந்தன. என்ன வேண்டும் என்று சொன்னது இங்கிருந்த பெண்கள். வெளிநாட்டுக் கூட்டாளிகள் அழுத்தம் கொடுத்தது இவர்கள் கை எட்டாத இடத்தில், பிராண்டுகளின் தலைமை அலுவலகங்களில். தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள், பயிற்சி கொடுத்தது சங்கம். ஆலை மீறினால் பிராண்ட் ஆர்டரில் கைவைக்க வேண்டும் என்று எழுத்தில் இருந்தது. தோழமை என்பது இப்படி ஒரு வேலைப் பங்கீடு.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் வேறு ஊருக்குப் போக வேண்டாம். அதே ஆலையின் துணிகளை 2022 ஜூலை கடைசியில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. கட்டாய உழைப்பு என்று காரணம் சொன்னது. காகிதத்தில் பார்த்தால் பெண்களுக்கு ஆதரவான நடவடிக்கை. ஆனால் ஒப்பந்தம் அப்போதே நடைமுறையில் இருந்தது. ஆர்டர் நின்றால் முதலில் வீட்டுக்குப் போவது யார்? அந்தப் பெண்கள்தான். ஆலைக்குள் என்ன மாறியிருக்கிறது என்ற விவரம் போய்ச் சேர்ந்த பிறகு, செப்டம்பரில் தடை விலகியது. "புறக்கணிப்போம்" என்று உணர்ச்சிவசப்பட்டு ஹேஷ்டேக் போடுகிறவர்கள், ஆலையில் தைக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம்.

பிராண்டுகளுக்காக ஆலைகளைச் சோதிக்கும் தணிக்கைக்காரர்கள் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டார்களே! கராச்சி அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு வேலையிடத் தரச்சான்றிதழ் கிடைத்த சில வாரங்களில், 2012 செப்டம்பர் 11 அன்று, 250க்கும் மேற்பட்டவர்கள் தீயில் போனார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் நாளில், நிர்வாகத்தின் கண்ணுக்கெட்டும் இடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டால் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்றே சுவரில் விரிசல். உள்ளே போக மாட்டோம் என்று சொன்னவர்களை மறுநாள் மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அவர்கள் பேசாமல் இல்லை.

சரி, எப்படிக் கேட்பது என்று நிஜமாகவே தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, தண்ணீர் பிடித்து, அடுப்பில் உலை வைக்கிற நேரம். மில் விடுதியில் இருப்பவள் என்றால் போனே கையில் இருக்காது. ஞாயிறு பகலில் வையுங்கள், உங்கள் தூக்கம்தான் கொஞ்சம் கெடும். பத்து நாள் முன்பே வாட்ஸ்அப்பில் தமிழில் வாய்ஸ் அனுப்பி "இந்தக் கூட்டத்திலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேளுங்கள். நிகழ்ச்சி நிரலை அதன் பிறகு எழுதுங்கள். முதல் அரைமணி நேரம் அவருக்கு. அடுத்துப் பேசும் பெரியவர்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் முடியும், முடியாது, எந்தத் தேதிக்குள் என்று மட்டும் சொல்லட்டும்.

உடனுக்குடன் மொழிபெயர்க்க இரண்டு பேர் வேண்டும். 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளாவிட்டால் தவறு கூடும், முதலில் விழுவது எண்கள். கூலி, பீஸ் கணக்கு எல்லாம் எண்கள்தானே? அதனால் குறிப்புகளை முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள். ஜூமில் மொழிபெயர்ப்பு கேட்கும் மொழிச் சேனலைக் கூட்டம் நடத்துகிறவர் முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும். சாதாரண போன் அழைப்பில் சேர்கிறவர்களுக்கு அந்தச் சேனல் கேட்காது. அவருடைய போனிலேயே முந்தைய நாள் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். லீவு போட்டு வருகிறார் என்றால் அன்றைய கூலியோடு போகிற அட்டென்டன்ஸ் போனஸையும் கொடுங்கள். டேட்டாவுக்குத் தனியாக. போட்டோவும் ஆலைப் பெயரும் போட்ட போஸ்டரை அவரைக் கேட்காமல் பரப்பாதீர்கள். உங்களுக்கு அது போஸ்டர், எச்ஆருக்கு அது ஆதாரம்.

கூட்டம் முடிந்து இரண்டு வாரத்தில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று அவருக்குத் தமிழில் திரும்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

"பட்ஜெட் இல்லை" என்று ஒரு நண்பர். இருந்த பணத்தில் பேனர் அடித்தீர்களே.

"ஏதோ ஒரு மேடையாவது கொடுத்தார்களே, அதையும் குறை சொல்ல வேண்டுமா" என்பது அடுத்தது. இந்த "ஏதோ"தான் வலிக்கிறது. யார் வீட்டு மேடை? அந்தப் பெண்ணின் பெயரைக் காட்டித்தானே அந்தத் திட்டத்துக்கு நிதி கேட்கிறீர்கள்?

"22 வயதுப் பெண்ணுக்குச் சர்வதேச வணிகம் என்ன தெரியும்" என்று கேட்டவரை மட்டும் சும்மா விட முடியாது. 1909 நவம்பர் 22, நியூயார்க் கூப்பர் யூனியன் மண்டபம். சட்டை தைக்கும் பெண்கள் நிரம்பிய கூட்டம். தலைவர்கள் மணிக்கணக்கில் நிதானத்தைப் பற்றிப் பேசினார்கள். கிளாரா லெம்லிச், வயது 23, மேடையேறி யித்திஷ் மொழியில் வேலைநிறுத்தத் தீர்மானம் வைத்தார். ஆயிரக்கணக்கானோர் ஆலைகளை விட்டு வெளியே வந்தார்கள். சர்வதேச வணிகம் தெரிந்தவர்கள் அன்றைக்கும் மேடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளைக்காரர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? நம் சங்கங்களில் மேடை நாற்காலிகளை எண்ணிப் பாருங்கள். ஆலையில் பாதிக்கு மேல் பெண்கள், செயற்குழுவில் எத்தனை பேர்? மகளிரணி என்று ஒன்றை வைத்து, மார்ச் 8க்கு மட்டும் மைக் கொடுக்கிறோம். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது "நீ இரும்மா, நாங்க பாத்துக்கிறோம்". இதையும் தோழமை என்கிறோம்.

இதைச் சொன்னால் சங்கத்துக்கு எதிரி என்பார்கள், தெரியும். 2015 செப்டம்பர் மூணாறு ஞாபகம் இருக்கிறதா? 20 சதவீத போனஸ் 10 ஆனதும், 232 ரூபாய்க் கூலியை 500 ஆக்கக் கேட்டும் தமிழ்த் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று பெயர். சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களை, கொடி பார்க்காமல், விரட்டினார்கள். அப்போதும் "யாரோ தூண்டிவிடுகிறார்கள்" என்றுதான் நம் ஆட்கள் சொன்னார்கள். அப்போது கேரள எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அச்சுதானந்தன் வந்தார், அவரை விரட்டவில்லை. 91 வயது மனிதர், தீர்வு வரும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று அவர்களோடு உட்கார்ந்தார். அன்று இரவே போனஸ் பிரச்சினை முடிந்தது. கூலிக்கான சண்டை அதற்குப் பிறகும் நடந்தது.