கெடுபிடி அன்றும் இருந்ததே
நல்ல மார்க் இருந்தால்தான் சேர்ப்போம் என்ற படிப்புக் கெடுபிடியால்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு நல்ல பையன்கள் கிடைப்பதில்லை என்று இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. அதே கெடுபிடியோடுதானே 2013லும் 2016லும் ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரிப் போட்டியை ஜெயித்தார்கள்? 2016இல் அயோவா பல்கலைக்கழக அணிக்கு எதிராக, ஆட்டம் தொடங்கி ஸ்டான்ஃபோர்டு பந்தை எடுத்த முதல் முயற்சியிலேயே அவர்கள் ஆட்டக்காரர் மெக்காஃப்ரி பாஸை வாங்கி, 75 கஜ டச் டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) போட்டதை நான் டிவியில் பார்த்தேன், உட்காரக்கூட நேரம் கிடைக்கவில்லை. அப்புறம் 2021, 2022 இரண்டு வருடமும் தலா 3 வெற்றி, 9 தோல்வி. நடுவில் மாறியது விதி. 2021 முதல், முன்போல ஒரு வருடம் ஆடாமல் சும்மா உட்காராமலே ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறலாம். ஸ்டான்ஃபோர்டிலிருந்து போவது சுலபம். வேறு கல்லூரியில் பாதிப் படிப்பை முடித்தவன் உள்ளே வருவதுதான் குதிரைக்கொம்பு. மேலே கருத்து எழுதிய ஒருவர் 'சேர்க்கைக்கான மார்க் வரம்பைக் குறைத்தால் போதும்' என்கிறார். வாண்டர்பில்ட் என்ற இன்னொரு பல்கலைக்கழகத்திலும் படிப்பு ஒன்றும் லேசு இல்லை. ஆனால் நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து பவியா என்ற குவாட்டர்பேக்கை (பாஸ் வீசி அணியை நடத்துபவர்) கூட்டிவந்து, 2024 அக்டோபரில் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமா அணியையே 40-35 என்று சாய்த்தார்கள். பள்ளிப் பையன்களைத் தேடுவதை விட, மாறி வருகிறவனுக்கு எத்தனை இடம் ஒதுக்குகிறார்கள் என்றுதான் கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டும்.