நடுவிரல் விலகிய பிறகு

விரல்களில் பேனா சுழற்றும் வித்தை பழகியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் இரண்டு அறிவுரைகளில் ஒன்று வந்து விழும். "முதலில் விரலுக்குக் கட்டுப்பாடு வரட்டும்" என்பது ஒன்று. "இறுக்காதே, பேனாவை அதன் போக்கில் விடு" என்பது மற்றொன்று. சொல்கிற இருவருமே நன்றாகச் சுற்றுகிறவர்களாக இருப்பார்கள். அதுதான் சிக்கல். கேட்கிறவன் எதை நம்புவான்?

பதினெட்டு ஆண்டுகளாக வேலையில்லாத நேரமெல்லாம், சில சமயம் வேலை இருக்கும் நேரத்திலும், பேனாவை விரலில் உருட்டிக்கொண்டிருப்பவன் நான். அந்த ஒரே தகுதியில் சொல்கிறேன்: இரண்டு அறிவுரையுமே அரைகுறை. எங்கே கட்டுப்பாடு, எங்கே போக்கு என்று இடம் சொல்லாத அறிவுரையை வைத்துக்கொண்டு, பேனா கட்டைவிரலை ஒருமுறை சுற்றிவரும் தம்ப்அரவுண்ட் கூடச் சுற்ற முடியாது.

கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். எட்டாம் வகுப்பு முடித்தவன். நான் தொலைபேசியில் பேசிக்கொண்டே பேனாவைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "மாமா, எனக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்று பிடித்துக்கொண்டான். எல்லோரும் தொடங்குகிற இடம் தம்ப்அரவுண்ட்தான். ஜப்பானில் இதற்கு 'நார்மல்' என்றே பெயர். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றுக்கும் இடையில் பேனாவைப் பிடித்து, நடுவிரலைத் துப்பாக்கி விசை இழுப்பதுபோல் உள்ளே இழுக்க வேண்டும். பேனா கட்டைவிரலின் முதுகில் படுத்தபடி ஒரு சுற்று உருண்டு, மறுபக்கம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வந்து சேரும். சொல்வதற்கு இவ்வளவுதான்.

பையன் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டைத் திருகினான். கை சுற்றியது, பேனா அப்படியே இருந்தது. அடுத்து ஓங்கித் தள்ளினான். பேனா பறந்து போய், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் மடியில் விழுந்தது. அம்மா பேனாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

இருவரும் கட்டில் மெத்தைக்கு இடம் மாறினோம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் உபாயம் இதுதான். பேனா விழுந்தால் சத்தம் கேட்காது, உருண்டு ஓடாது, குனிந்து எடுத்து முதுகு வலிக்காது. அங்கே உட்கார்ந்து அவன் கையை அருகிலிருந்து பார்த்தபோதுதான் கோளாறு தெரிந்தது. இழுத்து முடித்த நடுவிரல் அங்கிருந்து நகரவே இல்லை. வழிமறித்து நின்றுகொண்டிருந்தது. பாதிச் சுற்று வந்த பேனா ஒவ்வொரு முறையும் அதன் மேலேயே மோதி விழுந்தது. வேலை முடிந்த பிறகும் உதவிக்கு நிற்கிற விரல்! கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவர்களின் குறுக்கே நின்றுகொண்டு 'நானும் உதவுகிறேன்' என்பவர்களைப் போல.

"இழுத்ததும் நடுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கு. ஆள்காட்டி விரலைத் தூக்கி வழி விடு" என்றேன். மூன்றாம் நாள் காலை பேனா ஒரு முழுச் சுற்று சுற்றி அவன் கையிலேயே வந்து நின்றது. அவன் முகத்தில் மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் அதிகம். "நான் ஒன்றுமே செய்யவில்லை மாமா, அதுவே சுற்றிவிட்டது" என்றான், ஏதோ ஏமாற்றிவிட்டது போல. அடுத்த பத்து முறையும் அதே போல் 'ஒன்றுமே செய்யாமல்' இருந்து பார்த்தான். பத்து முறையும் விழுந்தது.

"போக்கில் விடு" என்கிறவர்கள் அந்தப் பத்து முறைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

உண்மையில் நடப்பது என்ன? கண்ணால் ஒன்றைப் பார்த்து விரல் அதற்கு எதிர்வினை காட்ட ஏறக்குறைய கால் விநாடி ஆகும். வேகமான தம்ப்அரவுண்ட் அதற்குள் முடிந்துவிடும். அதாவது பேனா கிளம்பிய பிறகு அதைப் பார்த்துத் திருத்த உங்களுக்கு நேரமே இல்லை. திருத்த நினைக்கிற விரல் எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும், வந்து இடிக்கும். அந்தச் சுற்று எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்வது முதல் இழுப்பு. எவ்வளவு விசை, பேனாவின் எந்த இடத்தில் பிடி, கட்டைவிரல் எந்தச் சாய்வில் இருக்கிறது, மூன்றும் அந்த ஒரு கணத்தில் தீர்மானமாகிவிடுகின்றன. பிடிக்கிற விரல் கூடப் பேனாவைப் பார்த்துப் பிடிப்பதில்லை. அது வந்து சேரும் இடத்தில் முன்பே போய்க் காத்திருக்கிறது. தம்ப்அரவுண்டில் கட்டுப்பாடு முழுவதும் முன்பணமாகக் கட்டப்படுவது. நடுவில் தவணை கிடையாது.

பம்பரம் விட்டவர்களுக்கு இது புதிதல்ல. சாட்டையைச் சுண்டி இழுத்த பிறகு கத்திப் பயன் என்ன?

ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லாமே போக்குதான் என்று சொன்னால் சண்டைக்கு வருவேன். சார்ஜ் இருக்கிறதே, அதில் முன்பணம் எதுவும் செல்லாது. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் பேனாவைப் பிடித்து, இரண்டு முனைகளும் காற்றில் வட்டம் வரையும்படி சுழற்றிக்கொண்டே இருப்பது சார்ஜ். விரல்கள் ஒரு கணம் சும்மா இருந்தாலும் வட்டம் நசுங்கும், பிறகு நின்றுவிடும். ஃபிங்கர்பாஸும் அப்படித்தான். ஆள்காட்டியிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொரு இடைவெளியாக இறங்கி மறுபடி ஏறும் அந்தச் சுற்றில், அடுத்த விரல் வாங்கிக்கொள்ளும்வரை முந்தைய விரல் பேனாவை விடக் கூடாது. அதில் 'விடுவது' என்று ஒன்றுமே இல்லை, கைமாற்றுவதுதான் உண்டு.

இதில் எனக்கு நேர்ந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். என் ஃபிங்கர்பாஸ் அருமையாக இருக்கிறது என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கைப்பேசியில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். மோதிரவிரல் எதையும் செய்யவே இல்லை! நடுவிரல் எறிந்த வேகத்தில் பேனா மோதிரவிரலைத் தாவிக் கடந்து சுண்டுவிரலில் போய் விழுந்துகொண்டிருந்தது. வேகம் என் குறையை அவ்வளவு நேர்த்தியாக மூடியிருந்தது. அதே ஃபிங்கர்பாஸை நிதானமாக, சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளோடு சேர்ந்து செய்து பார்த்தேன். இரண்டாவது இடைவெளியிலேயே பேனா தரையில். சரிசெய்ய நான்கு மாதம் ஆயிற்று. அன்று முதல் யாராவது என்னிடம் வேகமாகச் சுற்றிக் காட்டினால், "நன்றாக இருக்கிறது, இதையே மெதுவாகச் செய்யுங்களேன்" என்பேன். இதனால் நண்பர்கள் கொஞ்சம் குறைந்திருக்கிறார்கள்.

தம்ப்அரவுண்டை அப்படி மெதுவாக்க முடியாது என்பதையும் கவனியுங்கள். ஒரு அளவுக்குக் கீழே வேகம் போனால் பேனா கட்டைவிரல் மேல் தயங்கி, சரிந்து விழும். அதனால்தான் கேள்வியை வித்தைக்கு வித்தை தனியாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது மாட் பேனா. இங்கேதான் எனக்கு இளைஞர்களோடு நிரந்தரத் தகராறு. இரண்டு பேனாக்களின் உதிரிகளைக் கழற்றி, நீளமாக்கி, இரு முனைகளிலும் எடை ஏற்றிச் செய்வது மாட். கணக்கு எளிது. ஒரே எடை, நீளம் மட்டும் 15 சென்டிமீட்டரிலிருந்து 20 ஆனால், சுழற்சிக்கு அது காட்டும் நிலைமம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிவிடும். பேனா முழுக்கப் பரவியிருக்கும் எடையை அப்படியே இரு முனைகளுக்கும் தள்ளிவிட முடிந்தால் மூன்று மடங்கு. கிளப்பக் கொஞ்சம் கூடுதல் விசை வேண்டும், ஆனால் கிளம்பிவிட்டால் தடுமாறாது. சிறு பிழைகளை மன்னித்துவிடும்.

அந்த மன்னிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே கனமான மாட் வாங்கச் சொல்கிறார்கள். ஊக்கம் குறையாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்படித் தொடங்கிய ஒருவன் ஆறு மாதம் கழித்து ஒரு சாதாரண பால்பாயின்ட் பேனாவை எடுத்துச் சுற்றினால் கை வெறிச்சோடிப் போகிறது. இத்தனை நாள் சுற்றியது முனையிலிருந்த எடை என்று அப்போதுதான் தெரிகிறது. நான் பழகியது ரெனால்ட்ஸ் 045-இல். மூடியைப் பின்னால் செருகினால் நடுப்புள்ளி பின்பக்கம் நகர்ந்துவிடும் பேனா அது. முதலில் ஒற்றை விரலில் வைத்து, எங்கே சமநிலையில் நிற்கிறது என்று பார்த்து, அங்கே பிடிக்கப் பழக வேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை, அன்று வேறு பேனா இல்லை. ஆனால் பேனாவின் நடு எங்கே என்பதை விரல் தானாகத் தேடும் வழக்கம் அதனால்தான் வந்தது.

மை பேனாவில் மட்டும் முயலாதீர்கள். காரணம் கேட்டால், பிளஸ் டூ இயற்பியல் தேர்வு அறையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனின் வெள்ளைச் சட்டையைச் சொல்வேன். வட்ட இயக்கம் பற்றிய கேள்விக்கு விடை யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது கூடுதல் தகவல்.

தேர்வுக்கும் இந்த வித்தைக்கும் பழைய உறவு. ஜப்பானில் இதற்கு 'ரோனின் மவாஷி' என்றொரு பெயர் உண்டு. எஜமானன் இல்லாத சாமுராய்தான் ரோனின். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறாமல் மறுபடி படிக்கிறவனையும் அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். சுற்றல் என்பதற்கு மவாஷி. புத்தகத்தின் முன் உட்கார்ந்து பேனாவைச் சுற்றும் அந்தப் பையனுக்கு, எதிர்காலத்தில் எதுவும் கையில் இல்லாதபோது இது ஒன்றாவது கையில் இருந்திருக்கும்.

கடைசியாக, வித்தைகளை இணைக்கும் இடம். நான் பேசவந்ததே இதைத்தான், வழியில் எங்கெங்கோ போய்விட்டேன். விரல்களுக்கு எண் கொடுத்து எழுதுவார்கள்: ஆள்காட்டி 1, நடு 2, மோதிரம் 3, சுண்டு 4. சோனிக் 23-12 என்றால் நடு–மோதிர இடைவெளியில் கிளம்பி, நடுவிரலுக்குப் பின்னால் போய், ஆள்காட்டி–நடு இடைவெளியில் வந்து சேர்வது. அங்கிருந்து அப்படியே தம்ப்அரவுண்டுக்குப் போக வேண்டும். பலரும் சோனிக் முடிந்ததும் பேனாவைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்திவிட்டு, புதிதாகத் தள்ளுகிறார்கள். பார்க்கிறவருக்கு இரண்டு வித்தைகள் தெரியும், இணைப்பு தெரியாது. இன்னும் சிலர் வந்த வேகத்தை அப்படியே கொண்டுபோய், கட்டைவிரலில் பேனாவைத் தவற விடுகிறார்கள். நல்ல கை இரண்டையும் செய்வதில்லை. வந்த வேகத்தில் எவ்வளவு தேவையோ அவ்வளவை வைத்துக்கொண்டு மீதியை விரல் சதையில் உறிஞ்சிவிடுகிறது. பார்க்க ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். தேர்ந்தவர்களின் வீடியோவை நான் அந்த இடத்துக்காகத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். பேனா எவ்வளவு உயரம் பறந்தது என்பதற்காக இல்லை.

அக்கா மகன் ஊருக்குப் போகும்போது என் பழைய பேனா ஒன்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நேற்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். சோனிக்கிலிருந்து தம்ப்அரவுண்டுக்குப் போக முயல்கிறான். இரண்டு முறை பேனா விழுகிறது. மூன்றாவது முறை நடுவிரல் சரியான நேரத்தில் மடங்குகிறது, பேனா கட்டைவிரலை ஏறிக் கடக்கிறது. பிடித்தானா என்று பார்ப்பதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல்: "நாளைக்குக் கணக்குத் தேர்வு. அந்தப் பேனாவால் ஏதாவது எழுதவும் செய்." படம் அங்கே நின்றுவிட்டது.

பிடித்தாயா இல்லையா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.