வியர்த்தால் உங்கள் குற்றம், வெளுத்தால் இயற்கை

என் தங்கையின் கல் பிரேஸ்லெட் அறுந்துபோனதற்கு, விற்ற கடையிலேயே வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மிக்ஸி எரிந்துபோனால் "உங்களுக்கு வரவிருந்த கண்டத்தை மிக்ஸி வாங்கிக்கொண்டது" என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா? சொன்னால் நாம் சும்மா வருவோமா? கல் பிரேஸ்லெட் விற்பவர் சொன்னால் மட்டும் தலையாட்டிவிட்டு வரவேண்டுமாம்.

விஷயம் உங்களுக்கே தெரிந்திருக்கும். வான நீலம், நடுநடுவே கறுப்பு நரம்பு, உருண்டை மணி, ரப்பர் நூல். ஊரில் பாதிக் கைகளில் கிடப்பது அதுதான். டிசம்பரில் பிறந்தவர்களுக்கு டர்க்காய்ஸ் என்ற நீலக் கல்தான் பொருத்தம் என்று யாரோ சொல்ல, என் தங்கையும் ஒன்று வாங்கிவந்தாள். அழகாகத்தான் இருந்தது. அரிசி களைந்துவிட்டு வந்தவளின் மணிக்கட்டைச் சுற்றி ஒரு நீலக் கோடு. வெள்ளைச் சுடிதாரின் கை ஓரத்தில் இன்னொன்று. சாதம் வெள்ளையாகவே வெந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல். போதாததற்கு நேற்று நூலும் அறுந்தது. கட்டிலுக்கு அடியில் சிதறி ஓடிய மணிகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம்.

கல்லாவுக்கு முன்னால் ஒரு பையன். பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, இது இயற்கைக் கல். இயற்கை என்றால் நிறம் மாறத்தான் செய்யும்."

நிறம் மாறவில்லை தம்பி, நிறம் இடம் மாறியிருக்கிறது. கல்லிலிருந்து சுடிதாருக்கு.

"உங்களுக்கு உடம்புச் சூடு அதிகமாக இருக்கும் அக்கா."

ஆக, சாயம் போனதற்குக் காரணம் என் தங்கையின் பித்தம். அடுத்து வியர்வை. சென்னையில் வியர்க்கிறதாம், என்ன அநியாயம்! அதன் பிறகு, "தண்ணீரில் நனைத்தீர்களா?" என்று ஒரு கேள்வி. நனைத்தாள், அரிசி களைந்தாள். பையனின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "அதுதான் அக்கா. இந்தக் கல் தண்ணீரையே பார்க்கக் கூடாது."

இதற்காகவே காத்திருந்த என் தங்கை, பெட்டியோடு அவர்கள் கொடுத்த பராமரிப்பு அட்டையைப் பையிலிருந்து எடுத்து வாசித்தாள்: "வாரம் ஒருமுறை இரவு முழுவதும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காலை வெயிலில் காயவைத்துச் சக்தியேற்றவும்."

பையன் அட்டையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். "அது வேற தண்ணீர் அக்கா."

எது வேறு? மெட்ரோ தண்ணீரா, லாரித் தண்ணீரா? உலகத்தில் டர்க்காய்ஸுக்குச் செய்யக்கூடாத காரியங்களைத் தேடிப்பிடித்து, அவற்றையே பராமரிப்பு என்று வழவழப்பான அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அசல் டர்க்காய்ஸ் நுண்துளைகள் நிறைந்த கல். உப்புத் தண்ணீரைக் குடிக்கும், எண்ணெயைக் குடிக்கும், வாசனைத் திரவியத்தைக் குடிக்கும். போகப்போகப் பச்சை பூசிக்கொண்டு மங்கும். அதிகச் சூட்டில் நிறம் கெடும், வெடிக்கவும் செய்யும்.

ஆனால் அதெல்லாம் அசலுக்கு. எங்கள் பொட்டலத்தில் இருந்ததற்கு அந்தக் கவலையே தேவையில்லை. அதைத்தான் அங்கேயே காட்டினேன். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனும் பஞ்சும் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒரு மணியை எடுத்து, கல்லா மேஜை மீது வைத்து, நனைத்த பஞ்சால் அழுத்தித் தேய்த்தேன். பஞ்சு நீலமாகிவிட்டது. மணியில் தேய்த்த இடம் சுண்ணாம்புக் கட்டியின் வெள்ளை. நூல் கோக்கும் துளைக்குள் பார்த்தால் அங்கேயும் வெள்ளை; சாயம் அதுவரை போய்ச்சேரவே இல்லை. (மெழுகு பூசிய அசல் கல்லில் இதைச் செய்தால் பளபளப்பு போய்விடும். வீட்டுப் பழைய நகையில் முயன்று பார்க்காதீர்கள். துளைக்குள் எட்டிப் பார்ப்பதற்கு மட்டும் காசும் இல்லை, சேதமும் இல்லை.)

அது ஹௌலைட். வெள்ளைக் கல், சாம்பல் நிற நரம்பு பிறவியிலேயே உண்டு, சாயம் நன்றாகப் பிடிக்கும். மேக்னசைட் என்று இன்னொரு வெள்ளைக் கல்லும் இதே வேடத்துக்கு வரும். அசலில் நீலம் வெளியிலிருந்து வருவதில்லை. செம்பும் அலுமினியமும் சேர்ந்த பாஸ்பேட் கனிமம் அது, நீலத்தைத் தருவது உள்ளேயிருக்கும் செம்பு. இரும்பு கலந்தால் பச்சை சாயும். அந்த நிறம் அரிசி களைந்த தண்ணீரோடு வடிந்துபோகாது.

இதைச் சொன்னதும் முதலாளியே எழுந்து வந்துவிட்டார். இரண்டு கையிலும் பிரேஸ்லெட், விரலுக்கு ஒரு மோதிரம். "இது ஈரான் கல் அம்மா, நிஷாப்பூர்." நிஷாப்பூர்க் கல்லின் பெருமை எனக்கும் தெரியும், அந்தக் கல் இந்த விலைக்குச் சரம் சரமாக ஆணியில் தொங்காது என்றேன். உடனே கல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கமாம். அங்கே இந்தக் கல் எடுப்பதை 2012-லேயே நிறுத்திவிட்டார்கள். பழைய இருப்புக்கு உலகமே போட்டி போடுகிறது. இவர் கடைக்கு மட்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது போலும்.

பில்லைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதில் அச்சடித்திருப்பது "டர்க்காய்ஸ் ஸ்டைல் நேச்சுரல் ஸ்டோன்". படித்துவிட்டுச் சிரித்தார். "நாங்கள் எங்கேயும் பொய் சொல்லவில்லையே அம்மா. ஹௌலைட்டும் இயற்கைக் கல்தானே?" அந்த ஒரு கணம் எனக்குக் கோபத்தை மீறி மரியாதையே வந்துவிட்டது.

போலி செய்வது ஒன்றும் நேற்றுத் தொடங்கிய தொழில் இல்லை. சினாய் தீபகற்பத்தில் டர்க்காய்ஸ் தோண்டிய எகிப்தியர்களே, அந்த நிறத்துக்காக ஃபயன்ஸ் என்ற பளபளப்புப் பூச்சு ஓடுகளும் செய்தார்கள். சக்காராவில் ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடுக்கு அடியில் அறைச் சுவர்களில் அவற்றைப் பதித்தார்கள். 4,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த நீலம் இன்னும் அருங்காட்சியகங்களில் மின்னுகிறது. போலி என்றாலும் ஒரு நாணயம் வேண்டாமா? நம் ஊர்ப் போலி ஒரு உழக்கு அரிசியைத் தாங்கவில்லை.

சாயமேற்றிய கல்லை விற்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. அசல் டர்க்காய்ஸிலேயே பெரும்பாலானவை பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தியவைதான். தூளைப் பிசினோடு அழுத்திக் கட்டியாக்கி அறுத்த மணிகளும் சந்தையில் உண்டு. எது எது என்று சொல்லி, அதற்கேற்ற விலை போட்டு விற்றுவிட்டுப் போங்கள், யார் தடுத்தது? "சாயமா, பிசினா, தூளா?" என்று கேட்டால் "உங்கள் ராசி என்ன?" என்று திருப்பிக் கேட்கிறார்களே, அங்கேதான் ரத்தம் கொதிக்கிறது.

பராமரிப்பு பற்றி இவர்கள் சொல்லாமல் விட்டது எல்லாம் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். குளிக்கும் முன் கழற்று. எண்ணெய், கிரீம், சென்ட் எல்லாம் பூசி முடித்துக் கடைசியாகப் போடு. கழற்றியதும் மெல்லிய துணியால் துடை. படிகக் கல் நகைகளோடு ஒரே டப்பாவில் போடாதே, கீறிவிடும். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் டர்க்காய்ஸுக்கு 5 முதல் 6 வரை, ஹௌலைட்டுக்கு 3.5 தான். ரப்பர் நூலை அகல விரித்து இழுக்காமல் விரல்களைக் குவித்து உருட்டி ஏற்று. வியர்வை படாமல் பார்த்துக்கொள். கடைசி விதியை அப்படியே பின்பற்றினால் சென்னைவாசிகள் டிசம்பர் 20 தொடங்கி பொங்கல் வரை தாராளமாக அணியலாம்.

கதைக்கு வருகிறேன். நூல் அறுந்ததைச் சொன்னோம். முதலாளி கைகூப்பினார். "ரொம்ப நல்லது அம்மா! யாரோ போட்ட கண். கல் அதை வாங்கிக்கொண்டு தன்னை அறுத்துக்கொண்டது. பாப்பா கொடுத்துவைத்தவள்." அறுந்தது கல் இல்லை ஐயா, முடிச்சில் ஒரு சொட்டுப் பசைகூட வைக்காத உங்கள் நூல். திருஷ்டியை நூலா வாங்கிக்கொள்ளும்? பணத்தைத் திருப்பிக் கேட்டோம். பணம் தரும் வழக்கம் இல்லையாம். வேண்டுமானால் பாதி விலையில் புதிதாகக் கோத்துத் தருவாராம். அதையும் பௌர்ணமி இரவில் மொட்டைமாடியில் நிலா வெளிச்சம் படும்படி வைத்தால் சக்தி இரட்டிப்பாகுமாம்.

மொட்டைமாடியா? அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த என் தங்கை அங்கேயே சிரித்துவிட்டாள். எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடிச் சாவி இருப்பது சங்கச் செயலாளரின் இடுப்பில். துணி காயப்போடக் கூடாது, கசிவு வருமாம். வடாம் போடக் கூடாது, காக்கை வருமாம். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். அப்படியானால் போன மாதம் முழுக்க அங்கே காய்ந்த குண்டு மிளகாய் யார் வீட்டுடையது? கூட்டத்தில் கேட்டதற்கு "அது தற்காலிக ஏற்பாடு" என்றார். மாவடு போடும் காலம் வருகிறது, அதற்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்துகொள்வார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. சாவிக்கு நகல் கொடுக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாக இல்லை.