மதில் இருக்கட்டும், தண்ணீர்?

சமூகமே குலைந்த பிறகு பெண்கள் மட்டும் மதிலுக்குள் தஞ்சம் புகும் நாவலைப் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் 'நம்மூரில் நடந்தால் செட்டிநாட்டு வீடே கோட்டை, நாற்பது பேருக்கு ஒரே அடுப்பு' என்ற வரி பாதிதான் சரி. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பிலும் பின்கட்டிலும் காவல் போட ஆள் வேண்டும்.

அதைவிடத் தண்ணீர். 40 பேருக்குத் தலைக்கு 15 லிட்டர் என்றாலும் நாளுக்கு 600. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் ஆறு மாதத்துக்கு லட்சம் லிட்டருக்கு மேல் கையிருப்பு வேண்டும். வளவு எனும் நடுக்கட்டின் முற்றத்தில் பத்து அண்டா நிறைத்தாலும் மூன்று நாள் தாங்காது. முற்றத்தில் விழும் மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்பினால்தான் உண்டு. அதிலும் முதல் மழையைத் தெருவுக்கு விட்டுவிட வேண்டும். ஓட்டில் காய்ந்து கிடக்கும் புறா எச்சம் கிணற்றில் இறங்கினால் வீடே வயிற்றுப்போக்கில் படுத்துவிடும்; எதிரி வரவே வேண்டாம்.

ஆளுக்கு 400 கிராம் அரிசி என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 6 டன், நெல்லாக 9 டன். அரிசியாக வைத்தால் வண்டு விழும். நெல்லாக வைத்தாலும் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். உப்புக்குத் தொண்டிக் கடற்கரைதான்.

செட்டிநாட்டு ஆண்கள் பர்மா, மலேயா போயிருந்த காலத்தில் ஆச்சிகள் இந்த வீடுகளை நடத்தினார்கள், உண்மை. ஆனால் மணமான மகன்களுக்கு 'வேறு வைத்து' அடுப்பைப் பிரித்தார்கள். நாற்பது பேருக்கு ஒரே அடுப்பு என்று எழுதுகிறவர் இதை யோசிக்கலாம்.